ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன மூதாதையைத் தேடுவது எப்படி? சபைப் பதிவேடு, சென்சஸ் பற்றிய கேள்வி பதில்கள்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஜெர்மானிய வம்சாவளிச் சம்பந்தம் இப்போது சாதாரணம். பேரப்பிள்ளை குடும்ப மரம் வரைய உட்கார்ந்தால் நம் பக்கம் ஊர், தெரு வரைக்கும் சொல்லிவிடுகிறோம். மருமகன் பக்கமோ நாலு தலைமுறையில் "ஷ்மிட், ஜெர்மனி" என்று நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்தத் தேடலை எடுத்துச் செய்தது நான். அதன் பிறகு என்னிடம் பலரும் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் கூட்டம் கூட்டமாகப் போனது அப்போதுதான்: 1820-லிருந்து முதல் உலகப்போர் வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

முதலில் ஜெர்மனியில் தேடலாமா, அமெரிக்காவிலா?

அமெரிக்காவில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜெர்மனியில் எல்லாருடைய பிறப்பும் ஒரே இடத்தில் பதிவான புத்தகம் எதுவும் இல்லை. 1871 வரை ஜெர்மனி என்று ஒரே அரசே கிடையாது. பிரஷ்யா, பவேரியா, பாடன், வுர்ட்டெம்பெர்க், ஹனோவர், மெக்லென்பர்க் என்று பல அரசுகள் தனித்தனியாக இருந்தன. பிறப்பும் திருமணமும் இறப்பும் அந்தந்த ஊர் கிறிஸ்தவக் கோயிலின் (சர்ச்) சபைப் பதிவேட்டில், அங்கிருந்த போதகர் கையால் எழுதப்பட்டன. ஆகவே ஊர் பெயர் தெரியாமல் ஜெர்மன் பதிவுகளைத் திறக்கவே முடியாது. அந்த ஊர் பெயரோ பெரும்பாலும் அமெரிக்கக் காகிதங்களில்தான் எங்காவது ஒளிந்திருக்கும்.

பெயரை மட்டும் வைத்து இணையத்தில் தேடி, ஒரு "யோகான் ஷ்மிட், 1832" கிடைத்ததும் தங்கள் மரத்தில் ஒட்டிக்கொள்பவர்கள் ஏராளம். அந்த ஆண்டில் அந்தப் பெயரோடு பிறந்த குழந்தைகள் எத்தனையோ பேர். அப்படி ஒட்டிய கிளை அடுத்தவர் மரத்துக்கும் பரவி, பிறகு திருத்தவே முடியாமல் போகிறது.

சென்சஸில் என்ன கிடைக்கும்? எல்லா ஆண்டும் ஒன்றுதானா?

இல்லை, ஆண்டுக்கு ஆண்டு கேள்விகள் மாறின. அமெரிக்க சென்சஸ் 1790 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்துதான் வீட்டிலுள்ள ஒவ்வொரு சுதந்திர மனிதருக்கும் பெயர், வயது, பிறந்த இடம் எழுதப்பட்டது. 1880-ல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும், தாய் தந்தை எங்கே பிறந்தார்கள் என்பதும் சேர்ந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது 1900. பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, தாய்க்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, அதில் உயிரோடிருப்பவர்கள் எத்தனை, அமெரிக்கா வந்த ஆண்டு, குடியுரிமை பெற்றாரா என்று ஒரே வரியில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. பிறந்தவர்கள் ஒன்பது, இருப்பவர்கள் ஐந்து என்று ஒரு பெண்ணின் வரியில் பார்த்தால், சபைப் பதிவேட்டில் நாலு சின்னக் கல்லறைகளைத் தேட வேண்டும் என்று அர்த்தம். குடியுரிமைக் கட்டத்தில் மூன்று குறிப்புகள் வரும்: அந்நியர், முதல் பத்திரம் (குடிமகனாக விரும்புகிறேன் என்ற அறிவிப்பு) வாங்கியவர், குடிமகன் ஆனவர். 1910-ல் தாய்மொழியும் கேட்டார்கள். 1920-ல் குடியுரிமை பெற்ற ஆண்டே இருக்கிறது.

தேடும்போது கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 72 ஆண்டு கழித்துத்தான் பெயர்ப்பட்டியல் வெளியாகும். 1950 சென்சஸ் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தெரிந்த தாத்தாவை அதில் பிடித்து 1940, 1930 என்று இறங்கினால் கை தவறாது.

அப்புறம், மாநில சென்சஸ்களை மறக்காதீர்கள். அயோவா மாநிலம் 1925-ல் ஒவ்வொருவருடைய தாய் தந்தையின் பெயரையும், தாயின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் கேட்டு எழுதியது. இப்படிப்பட்ட தகவலை மத்திய சென்சஸ் எதுவும் தராது. நியூயார்க் 1855-ல் அந்த ஊரில் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று எழுதியது. கப்பல் வந்த ஆண்டைச் சுருக்க அது போதும்.

எங்கள் ஆள் 1860-ல் "ஹனோவர்", 1870-ல் "பிரஷ்யா", 1900-ல் "ஜெர்மனி" என்று இருக்கிறார். எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். ஹனோவர் தனி ராஜ்யமாக இருந்தது. 1866 போருக்குப் பிறகு பிரஷ்யா அதை இணைத்துக்கொண்டது. 1871-ல் ஜெர்மன் பேரரசு வந்தது. மனிதர் நகரவே இல்லை, நாட்டின் பெயர்தான் மாறியது.

இந்த மாற்றமே ஒரு துப்பு. 1860-லும் 1870-லும் "ஜெர்மனி" என்று மொட்டையாக எழுதாமல் எந்த அரசு என்று எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவு இருந்தது. அதனால் அந்த இரண்டு ஆண்டுகளின் பக்கங்களையும் கண்டிப்பாகப் பாருங்கள். 1860-ல் ஹனோவர், நாசாவ், ஹெஸ்ஸ-காஸல் என்று இருந்து 1870-ல் பிரஷ்யா ஆகியிருந்தால், 1866-ல் இணைக்கப்பட்ட பகுதிக்காரர் என்று ஊகிக்கலாம். இரண்டிலுமே பிரஷ்யா என்றால் பெரிதாக உதவாது. பிரஷ்யா மேற்கே ரைன் நதிக்கரையிலிருந்து கிழக்கே இன்றைய லித்துவேனியா வரை நீண்டு கிடந்தது. பவேரியா என்றால் மலைப்பக்கத்து மூனிக் மட்டும் நினைவுக்கு வரவேண்டாம். ரைனுக்கு மேற்கே இருந்த பலாட்டினேட் பகுதியும் 1816 முதல் பவேரியாவுக்குச் சொந்தம், அங்கிருந்து அமெரிக்கா போனவர்கள் மிக அதிகம். 1870-ல் பிரான்ஸ், 1900-ல் ஜெர்மனி, 1920-ல் மறுபடி பிரான்ஸ் என்று வந்தால் அல்சாஸ்-லொரேன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"ரஷ்யா" என்று பிறந்த இடமும் "ஜெர்மன்" என்று தாய்மொழியும் 1910-ல் வந்தால் அது வேறு கதை. மகாராணி கேத்தரின் 1763-ல் விடுத்த அழைப்பை ஏற்று வோல்கா கரைக்குப் போய், பிற்பாடு அமெரிக்கா வந்த குடும்பமாக இருக்கலாம். அவர்களுக்கு ஜெர்மனி இன்னும் ஒரு படி பின்னால்.

வயது ஒவ்வொரு சென்சஸிலும் வேறு வேறாக இருக்கிறதே?

இருக்கும். வீட்டில் யார் இருந்தார்களோ அவர்கள் சொன்னதை எழுதினார்கள், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக்கூட. இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்காக ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். இளமையில் எழுதிய வயது பொதுவாக உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும். எல்லாவற்றையும் விட சபையின் அடக்கப் பதிவு மேல்: பல போதகர்கள் இறந்தவரின் வயதை 63 ஆண்டு, 4 மாதம், 12 நாள் என்று எழுதுவார்கள். இறந்த தேதியிலிருந்து கழித்தால் பிறந்த நாள் கிடைத்துவிடும்.

1890 சென்சஸ் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?

தேட வேண்டாம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் நடந்த தீ விபத்தில் அதில் பெரும்பகுதி கெட்டுப்போனது. எஞ்சியதையும் பின்னால் அழித்துவிட்டார்கள். சில்லறையாகச் சில பக்கங்கள்தான் பிழைத்தன. ஜெர்மானியர் மிக அதிகமாக வந்த 1880-களைத் தொடர்ந்து வந்த சென்சஸ் அது. 1882-ல் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அந்த இருபது ஆண்டு இடைவெளியை நகர முகவரிப் புத்தகங்களையும் சபைப் பதிவேடுகளையும் வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

சரி, ஊர் பெயரை அமெரிக்காவில் எங்கே கண்டுபிடிப்பது?

அவர் அமெரிக்காவில் போய் உட்கார்ந்த ஜெர்மன் சபையின் பதிவேட்டில். பெரும்பாலானவர்கள் கடைசியாகத் தொடுகிற இதை நீங்கள் முதலில் தொடுங்கள்.

காரணம் சுலபம். சென்சஸ் எடுக்க வந்தவருக்கு ஜெர்மனியின் கிராமப் பெயர் தேவையில்லை, சொன்னாலும் எழுதத் தெரியாது. போதகரோ ஜெர்மன்காரர். யாராவது இறந்தால் எங்கே பிறந்தார், எப்போது ஞானஸ்நானம், எப்போது திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைச் சபையில் உறுதி செய்யும் சடங்கு), யாரை மணந்தார் என்று பிரசங்கத்தில் சொல்ல வேண்டும். அதற்காகவே கேட்டு எழுதிக்கொள்வார். சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ், மில்வாக்கி போன்ற இடங்களில் ஆராதனையும் பதிவும் ஜெர்மனிலேயே நடந்தன. முதல் உலகப்போர்க் காலத்தில், 1917-18-ல், ஜெர்மன் எதிர்ப்பு மூண்டபோது பல சபைகள் ஆங்கிலத்துக்கு மாறின.

எந்தச் சபை என்று தெரியாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். மாவட்ட அலுவலகத்தில் உள்ள திருமணப் பத்திரத்தில் நடத்திவைத்த போதகரின் பெயர் இருக்கும். அதே ஆண்டின் நகர முகவரிப் புத்தகத்தில் அந்தப் போதகரைத் தேடினால் அவருடைய கோயில் தெரியும். அந்தக் கோயில் இன்று இல்லாமல் போயிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம். ஜெர்மன் எவாஞ்சலிக்கல் சபைகளும் ரிஃபார்ம்ட் சபைகளும் 1934-ல் சேர்ந்து, 1957-ல் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற பெயரில் வந்துவிட்டன. பழைய பெயரில் தேடினால் கிடைக்காது. மிசூரி சினட் லூத்தரன் சபைகள் பற்றி செயின்ட் லூயிஸில் உள்ள கான்கார்டியா வரலாற்று நிறுவனத்தில் விசாரிக்கலாம். கத்தோலிக்கர் என்றால் மறைமாவட்ட ஆவணக் காப்பகம்.

பதிவேடு கையில் கிடைத்ததும் உங்கள் ஆளின் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். அவர் பிள்ளைகள் எல்லாருடைய ஞானஸ்நானத்தையும் பாருங்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று நின்றவர்கள் பெரும்பாலும் சொந்தம், அல்லது அதே ஊர்க்காரர். ஒரே கிராமத்திலிருந்து முதலில் ஒருவர் வந்து, கடிதம் போட்டு, அடுத்தவரை வரவழைத்துத்தான் இந்தக் குடியேற்றம் நடந்தது. உங்கள் ஆளின் ஊர் எழுதப்படாமல் போயிருந்தாலும், அவர் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவரின் அடக்கப் பதிவில் ஊர் இருக்கலாம். சென்சஸ் பக்கத்தில் மேலும் கீழும் உள்ள வீடுகளையும் அதே நோக்கத்தோடு பாருங்கள்.

பெண்களுக்கும் இதுதான் வழி. சென்சஸில் அவள் வெறும் "மனைவி, காதரீன்". சபைப் பதிவேட்டில்தான் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது.

சபைப் பதிவேடு கிடைக்கவில்லை என்றால்?

வேறு சில காகிதங்கள் இருக்கின்றன. குடியுரிமை விண்ணப்பம் 1906 செப்டம்பர் 27-க்குப் பிந்தையது என்றால் பிறந்த ஊர், கப்பல், வந்த தேதி எல்லாம் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் "பிரஷ்ய ராஜாவின் மேல் உள்ள விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அப்போது எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம் என்பதால் தேடவும் அலைய வேண்டும். 1922 வரை மனைவிக்குக் கணவன் வழியாகவே குடியுரிமை, ஆகவே அவள் பெயரில் தனிக் காகிதம் இருக்காது.

1862 சட்டப்படி இலவச நிலம் வாங்கியவர் என்றால் அந்த நிலக் கோப்பில் குடியுரிமைப் பத்திரத்தின் நகல் இருக்கும். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஜெர்மனியில் பிறந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். விதவை ஓய்வூதியம் கேட்டால் திருமணத்தை நிரூபிக்க வேண்டும், அதற்காக ஜெர்மன் போதகரிடமிருந்து வரவழைத்த சான்றிதழே சில கோப்புகளில் கிடக்கிறது. ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளின் மரண அறிவிப்பு, கல்லறைக் கல், வீட்டு பைபிளின் முன்பக்கம் எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எல்லாக் குடும்பத்திலும் சொல்வார்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த இடம் அது. அங்கே அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலைச் சரிபார்த்தார்கள். அதோடு எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1-ல். அதற்கு முன் நியூயார்க் வந்தவர்களில் பெரும்பாலோர் 1855 ஆகஸ்டில் திறந்த காசில் கார்டன் வழியாகப் போனார்கள். பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ், டெக்ஸஸின் கால்வெஸ்டன் வழியாக வந்தவர்கள் நியூயார்க்கைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

பெயர் மாறியது அதற்குப் பிறகு, மெதுவாக, பெரும்பாலும் அவர்களே மாற்றிக்கொண்டு. முல்லர் மில்லர் ஆனார், ஷ்மிட் ஸ்மித் ஆனார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார், ட்சிமர்மான் கார்ப்பென்டர் ஆனார். சென்சஸ்காரர் காதில் விழுந்தபடி எழுதியதும் உண்டு. பல வட்டாரப் பேச்சில் B-யும் P-யும், D-யும் T-யும், G-யும் K-யும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆகவே முதல் எழுத்தையே மாற்றித் தேடிப் பாருங்கள்.

கப்பல் பட்டியலில் ஊர் இருக்குமா?

ஹாம்பர்க் வழியாகப் போயிருந்தால் வாய்ப்பு அதிகம். அந்தத் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை, முதல் உலகப்போர்க் கால இடைவெளி தவிர, இருக்கின்றன. கடைசியாகக் குடியிருந்த ஊரும் அவற்றில் வரும். அது பிறந்த ஊராகவே இருக்க வேண்டியதில்லை. நேராகப் போன கப்பல்களுக்கு ஒரு பட்டியலும், இங்கிலாந்தில் இறங்கி லிவர்பூலில் கப்பல் மாறியவர்களுக்கு வேறு பட்டியலும் உண்டு.

பிரேமன் வழி என்றால் துக்கம்தான். வைக்க இடமில்லை என்று பழைய பட்டியல்களை அலுவலகமே அழித்துவந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் போனது. 1920 முதல் 1939 வரையிலானவற்றில் ஒரு பகுதிதான் இன்று பார்க்கக் கிடைக்கிறது. அமெரிக்கப் பக்கத்துப் பட்டியல்கள் 1820-லிருந்து உண்டு. ஆனால் 1893-க்கு முந்தையவற்றில் பெயர், வயது, தொழில், நாடு என்பதோடு சரி.

ஊர் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் வரைபடத்தில் அதே பெயரில் பல ஊர்கள்!

நொய்ஸ்டாட், நொய்கிர்ஷென் எல்லாம் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கும். 1912-ல் வெளியான மையர்ஸ் ஊர் அகராதி ஜெர்மன் பேரரசின் ஊர்களை, குக்கிராமம் உட்பட, தருகிறது; இணையத்தில் இலவசம். எந்த அரசு, எந்த மாவட்டம், சொந்தக் கோயில் உண்டா, பிறப்பு இறப்பு அலுவலகம் எங்கே என்பதெல்லாம் அதில் சுருக்கக் குறிகளாக இருக்கும். சென்சஸில் கண்ட அரசின் பெயரையும், அவர் லூத்தரனா கத்தோலிக்கரா என்பதையும் வைத்து வடிகட்டினால் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். உங்கள் ஊரில் கோயில் இல்லையென்றால் தாய்ச்சபை எந்த ஊர் என்று பாருங்கள். பதிவேடு அங்கேதான் இருக்கும்.

ஜெர்மன் சபைப் பதிவேடுகளை எங்கே பார்ப்பது? எந்தக் காலம் வரை கிடைக்கும்?

புராட்டஸ்டண்ட் பதிவேடுகளுக்கு ஆர்கியோன் என்ற இணையதளம், 2015-ல் தொடங்கியது, கட்டணம் உண்டு. அங்கே இருப்பது பக்கங்களின் படம். பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், புத்தகம் புரட்டுவதுபோல் புரட்ட வேண்டும். கத்தோலிக்கருக்கு மாட்ரிகுலா, இலவசம். பாசாவ், மூன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டங்கள் அதில் உண்டு. ஃபேமிலிசர்ச் என்ற இணையதளமும் இலவசமாகப் பல பகுதிகளைத் தருகிறது. தன்னார்வலர்கள் ஒரு கிராமத்தின் பதிவேட்டைக் குடும்பம் குடும்பமாகக் கோத்து வெளியிடும் ஊர்க் குடும்பப் புத்தகங்களும் இணையத்தில் உண்டு. அப்படி ஒன்று உங்கள் ஊருக்கு இருந்தால் அதிர்ஷ்டம்.

லூத்தரன் பதிவுகள் சில இடங்களில் 16-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கின. கத்தோலிக்கரிடம் 1563-ல் முடிந்த டிரென்ட் பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆனால் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்த கோயில்கள் ஏராளம். பல ஊர்களில் முதல் புத்தகம் அதற்குப் பிறகுதான். அரசாங்கப் பதிவு பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1-லும், பேரரசு முழுக்க 1876 ஜனவரி 1-லும் வந்தது. ரைனுக்கு மேற்கே மட்டும் பிரெஞ்சு ஆட்சியின் காரணமாக 1798 வாக்கிலேயே உண்டு.

வுர்ட்டெம்பெர்க் மூதாதை என்றால் உங்களுக்கு ஒரு வரம் இருக்கிறது. 1808 முதல் அங்கே சபைகள் குடும்பப் பதிவேடு வைத்தன. ஒரு பக்கத்தில் ஒரு முழுக் குடும்பம்: கணவன், மனைவி, இருவரின் பெற்றோர், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறப்பு, திடப்படுத்தல், திருமணம், சாவு. ஓரத்தில் "நாக் அமெரிக்கா" (அமெரிக்காவுக்கு) என்று போதகர் எழுதிவைத்த குறிப்பைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். பல வீடுகளில் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த கடைசிச் செய்தி அதுவாக இருந்திருக்கும்.

அந்தக் கையெழுத்தை எப்படிப் படிப்பது?

குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் எழுத்து அது. இன்றைய ஜெர்மன்காரர்களில் பெரும்பாலோருக்கே படிக்க வராது, ஆகவே உங்களுக்கு வரவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். e என்ற எழுத்து பார்வைக்கு n போலவே இருக்கும். u எழுத்தின் தலையில் மட்டும் ஒரு சிறு வளைவு போட்டு வேறுபடுத்துவார்கள்.

முழுமொழியும் தெரிய வேண்டியதில்லை. பதிவுகள் ஒரே வார்ப்பில் இருப்பதால் சில சொற்கள் போதும்: கெபோரென் பிறந்தார், கெடாஃப்ட் ஞானஸ்நானம் பெற்றார், கெட்ராவ்ட் மணந்தார், கெஷ்டோர்பென் இறந்தார், ஸோன் மகன், டோக்டர் மகள், விட்வ விதவை. கத்தோலிக்கப் பதிவு லத்தீனில் இருக்கும்: நாட்டுஸ் பிறந்தார், பாப்டிசாட்டுஸ் ஞானஸ்நானம் பெற்றார், கோப்புலாட்டி மணந்தார்கள், செபுல்டுஸ் அடக்கமானார், ஞானப்பெற்றோருக்குப் பாட்ரினி. முதலில் உங்கள் ஊர் பெயரையும் குடும்பப் பெயரையும் அந்த எழுத்தில் நீங்களே பல தடவை எழுதிப் பழகுங்கள். பிறகு பக்கத்தில் அது தானாகக் கண்ணில் படும். ஒரே போதகரின் கை சில பக்கங்களில் பழகிவிடும். டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கணினி உதவியும் இருக்கிறது, ஆனால் பெயர்களில் அது தடுமாறும், நம் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

தேதி குழப்புகிறதே? "7பர்" என்றால் ஜூலையா?

இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு; அதனால் 7பர் செப்டம்பர், 8பர் அக்டோபர், 9பர் நவம்பர், 10பர் டிசம்பர். தேதியே போடாமல் "திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு" என்று எழுதியிருந்தால் அந்த ஆண்டின் ஈஸ்டரை வைத்துக் கணக்கிட வேண்டும். புராட்டஸ்டண்ட் அரசுகள் 1700-ல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. ரைனுக்கு மேற்கே 1805 வரை பிரெஞ்சுக் குடியரசின் நாட்காட்டி வரும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் யோகான் என்றே பெயர் வைத்திருக்கிறார்களே?

முதல் பெயர் பெரும்பாலும் பக்திக்கு. கூப்பிட்டது இரண்டாவது பெயரை. யோகான் கியோர்க், யோகான் பீட்டர், யோகான் ஆடம் என்று அண்ணன் தம்பிகள் இருப்பார்கள்; அமெரிக்க சென்சஸில் ஜார்ஜ், பீட்டர், ஆடம் என்று வருவார்கள். குழந்தை இறந்தால் அடுத்ததுக்கு அதே பெயரை வைப்பதும் வழக்கம், அதனால் முதலில் கிடைத்த ஞானஸ்நானத்தோடு நிற்காதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் சிலுவைக்குறி இருந்தால் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. பெண்ணின் குடும்பப் பெயரில் கடைசியில் "இன்" சேர்ந்து முல்லரின், ஷ்னைடரின் என்று வரும். அதை நீக்கிப் படியுங்கள். வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்கு மருமகனாகப் போனவர் பண்ணையின் பெயரையே எடுத்துக்கொள்வார். ஆஸ்ட்ஃப்ரீஸ்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, நம்மைப்போல், தந்தை பெயர்தான் பிள்ளைக்கு அடுத்த பெயர்.

திருமணத்துக்கு முன் பிறந்தவர் என்று பதிவில் இருக்கிறது. வீட்டில் சொல்லலாமா?

சொல்லுங்கள். மெக்லென்பர்க்கிலும் பவேரியாவிலும் குடியிருப்பு உரிமையோ வீடோ இல்லாத ஏழைக்குக் கல்யாணம் செய்ய அனுமதியே கிடைக்காது. ஒன்றாக வாழ்ந்து, பிள்ளை பெற்று, அனுமதி கிடைக்காததாலேயே கப்பலேறியவர்கள் நிறைய. அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை; அவர் ஏன் ஊரை விட்டார் என்பதற்கான பதிலே அதுவாக இருக்கலாம். தேடும்போது குழந்தை தாயின் குடும்பப் பெயரில் பதிவாகியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஜெர்மனியில் சென்சஸ் கிடையாதா?

பெயரோடு பிழைத்தவை சில பகுதிகளில் மட்டும். மெக்லென்பர்க்-ஷ்வெரீனுக்கு 1867, 1900 பட்டியல்கள் நன்றாக இருக்கின்றன. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் டென்மார்க் ராஜாவின் கீழ் இருந்தபோது எடுத்த 1803, 1835, 1840, 1845 போன்றவையும் உண்டு. மற்ற இடங்களில் நம்ப வேண்டியது சபைப் பதிவேட்டைத்தான்.

கிடைத்தவர் நம் ஆள்தான் என்று எப்படி உறுதி செய்வது?

அவர் நம் ஆள் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். ஞானஸ்நானப் பதிவு கிடைத்த பிறகு அதே ஊரின் அடக்கப் புத்தகத்தையும் திருமணப் புத்தகத்தையும் அடுத்த பல ஆண்டுகளுக்குப் புரட்டுங்கள். அந்தப் பையன் ஐந்து வயதில் இறந்திருந்தாலோ, அதே ஊரில் மணந்து கிழவனாகிச் செத்திருந்தாலோ அவர் வேறொருவர். திடப்படுத்தல் வரை இருந்து அப்புறம் பதிவிலிருந்தே காணாமல் போனவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அதன் பிறகு பொருத்திப் பாருங்கள்: பிறந்த நாள் அமெரிக்க அடக்கப் பதிவோடு ஒத்துப்போகிறதா, அண்ணன் தம்பி பெயர்கள் சென்சஸ் அண்டை வீடுகளில் வருகிறதா, அரசாங்கத்திடம் வெளியேற அனுமதி கேட்ட காகிதம் இருக்கிறதா. வுர்ட்டெம்பெர்க், பாடன் பகுதிகளுக்கு அப்படி அனுமதி கேட்டவர்களின் பட்டியல் இணையத்திலேயே உண்டு. ராணுவச் சேவையைத் தவிர்க்க ரகசியமாகப் போனவர்களுக்கு அந்தக் காகிதம் இருக்காது.

எங்கள் ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. வழி அடைபட்டுவிட்டதா?

இல்லை. பொமரேனியா, சைலீசியா, போசன், கிழக்கு பிரஷ்யா பதிவேடுகள் 1945-ல் பல அழிந்தன, ஆனால் எல்லாம் இல்லை. பிழைத்த புராட்டஸ்டண்ட் பதிவேடுகளில் ஒரு பகுதி பெர்லினில் உள்ள புராட்டஸ்டண்ட் மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சிவில் பதிவுகள் பெரும்பாலும் போலந்து அரசு காப்பகங்களில், இணையத்தில் இலவசமாகவே. ஊரின் இன்றைய போலிஷ் பெயரைத் தெரிந்துகொண்டு தேடுங்கள்.

காப்பகத்துக்கு எழுதினால் பதில் வருமா?

வரும், கேட்கும் விதத்தில் கேட்டால். ஜெர்மனில் நாலே வரி எழுதுங்கள்: முழுப்பெயர், ஏறக்குறைய பிறந்த ஆண்டு, ஊர், மதப்பிரிவு, எந்தப் பதிவின் நகல் வேண்டும், கட்டணம் கொடுக்கத் தயார். குடும்பக் கதை வேண்டாம். 1876-க்குப் பிந்தைய பிறப்பு என்றால் 110 ஆண்டும், திருமணம் என்றால் 80 ஆண்டும், இறப்பு என்றால் 30 ஆண்டும் கடந்ததும் காகிதம் பதிவு அலுவலகத்திலிருந்து காப்பகத்துக்கு மாறி, யாரும் பார்க்கலாம் என்றாகிவிடும். அதற்குட்பட்டது என்றால் நேரடி வாரிசு என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். உங்கள் மருமகனையே கையெழுத்துப் போடச் சொல்லி, அவருடைய பிறப்புச் சான்றிதழிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகக் கோத்து நகல்களை இணைத்து அனுப்புங்கள்.